மூன்று தரம் ஓம்

சத்தம் கேட்டால் பொத்தானை அமத்துங்கள், எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அமத்துங்கள், கேட்டதோ இல்லையோ என்று சந்தேகமாக இருந்தாலும் அமத்துங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நஸ்ரின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. கதவு குளிர்பெட்டிக் கதவு மாதிரித் தடிப்பு. சாத்தியதும் ஆசுபத்திரி முழுவதும் ஒரேயடியாக இல்லாமல் போனது, நடையில் உருண்டுபோன கட்டிலின் சத்தம், சாந்தினி வெளியே கதிரையில் இருந்து யாரோடோ கதைத்த சத்தம், எல்லாம் போய் மிஞ்சியது என்னுடைய இரைச்சல் மட்டும். முந்தித் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு ஒரு நீட்டுச் சத்தம் போடுவார்களே, அது. இருபத்தெட்டு வருசமாக அது நிற்கவில்லை. நித்திரையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன், நான்தான் அங்கே இருப்பதில்லை. இந்தப் பரிசோதனைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன், சாந்தினி விடவில்லை. முப்பத்திரண்டு வருசம் கட்டிக்கொண்டு இருக்கிறவள், எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு முன்னமே அவளுக்குத் தெரியும், மேசையில் எனக்கு இடப்பக்கம் இருந்துதான் சாப்பிடுவாள். போன மாதம் ஒரு பெண் போன் எடுத்தாள். தொண்ணூறுகளில் இந்த ஊரில் எழும்பிய கிற்றார் இசையைப் பற்றி, அந்தச் சின்னச் சின்னக் கிளப்புகளைப் பற்றி விவரணப்படம் எடுக்கிறார்கள் போல. போல என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அதில் கேட்டது 'ரெட் பார்ஜ்' என்ற இரண்டு சொல்லுத்தான், மிச்சமெல்லாம் தண்ணீருக்குள் கதைத்த மாதிரி. யெஸ் என்றேன். இன்னும் என்னமோ கேட்டாள். யெஸ், யெஸ். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் மூன்று பேர், கமெரா, விளக்கு, நீளமான மைக். சாந்தினி வீட்டுச்சட்டையோடு கதவைத் திறந்து, "இவையள் ஆர்?" என்றாள். "தெரியாது," என்றேன். "நீங்கள்தானாம் வரச்சொன்னது." அந்தப் பெண் முகம் சிவந்து, "நீங்கள் ஓம் என்றுதானே சொன்னீர்கள்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சாந்தினி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு கொண்டிருந்தா ஒரு நாளைக்கு என்னையும் ஆருக்கும் எழுதிக் குடுத்திடுவார்," என்றாள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் ஓம் என்றுதானே சொன்னீர்கள்.

இடது காதில் சத்தம். தாழ்ந்தது, தூரத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி. அமத்துகிறேன். அடுத்தது. அமத்துகிறேன். தாழ்ந்த சத்தங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பேஸ் கிற்றாரின் தடித்த தந்தியை ரெட் பார்ஜின் நிலவறையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சுருதி சரியோ பிழையோ என்று சொல்லியிருக்கிறேன். கம்டனில், கால்வாய்க் கரையில் இருந்த மதுச்சாலை. நான் அங்கே கிளாஸ் கழுவப் போனேன், தொண்ணூற்றிரண்டில். பின்பக்கத்தில் ஓர் அறை, நூற்றைம்பது பேருக்குக் காணும், கூரையைக் கையால் தொடலாம், கம்பளத்தில் பியர் ஊறி ஊறிச் சப்பாத்து ஒட்டும், காலைத் தூக்கினால் கிர்ரென்று ஒரு சத்தம். வியாழக்கிழமைகளில் மோரா என்ற பெண் அந்த அறையை எடுத்து 'ஸ்கூல் டின்னர்' என்று ஒரு கிளப் நடத்தினாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. ஒரு கிளப்புக்கு இப்படியும் பெயர் வைப்பார்களோ என்று நினைத்தேன். சிவப்பு மழைக்கோட்டு, ஹல் என்ற துறைமுக ஊரில் இருந்து வந்தவள், வாசலில் நின்று நூலகத்துத் திகதி முத்திரையால் ஒவ்வொருத்தர் மணிக்கட்டிலும் குத்துவாள். ஒரு வியாழன் பாட்டு நடுவில் அம்ப்ளிஃபயர் செத்துப்போனது. மேடையில் நின்ற பெடியள் ஆளை ஆள் பார்த்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பின் மூடியைக் கழற்றிச் சுட்டுப்போன கம்பியை வெட்டிப் பொருத்தினேன், கொடிகாமத்தில் ஒலிபெருக்கிக் கடையில் ஐந்து வருசம் நான் வேறென்ன செய்தேன். மோரா வந்து பார்த்தாள். "நீ ஆர்?" "கிளாஸ் கழுவுறவன்." "இனிக் கழுவவேண்டாம்." மோராவின் ஆங்கிலம் எனக்கு இப்போது எங்களுடைய தமிழாகத்தான் ஞாபகம் வருகிறது, ஏன் என்று தெரியாது, அவள் கதைத்த ஆங்கிலமும் மற்ற வெள்ளைக்காரருக்கு விளங்காத ஓர் ஊர்ப்பாசையாக இருந்ததாலோ என்னவோ. யோகநாதன் என்று சொன்னேன். யோகி என்றாள். அன்றிலிருந்து அங்கே நான் யோகி, ஒலிமேசைக்குப் பின்னால் நிற்கிற யோகி.

அப்போது எல்லாரும் அமெரிக்காவில் இருந்து வந்த கவலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நீட்டுமயிரும் கிழிந்த சேட்டும். மோராவுக்கு அது பிடிக்காது. "எங்கட கவலையை எங்கட வாயால பாடட்டுமன்," என்பாள். அப்படிப் பாடுகிறவர்கள் ஒவ்வொருத்தராக வரத் தொடங்கினார்கள், மயிரைக் கட்டையாக வெட்டி, பழசு விற்கிற தருமக்கடையில் வாங்கிய கிழவர்களின் கம்பளிச்சட்டையோ பழைய உதைபந்தாட்ட மேற்சட்டையோ போட்டுக்கொண்டு, நாலு பேர், மூன்று கிற்றார், ஒரு ட்ரம். பஸ்ஸைப் பற்றிப் பாடினார்கள், உடுப்புத் தோய்க்கிற கடையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமையின் சலிப்பைப் பற்றி, வேலை இல்லாத தகப்பனைப் பற்றி. இடைவெளிகளில் அறுபதுகளின் பழைய இசைத்தட்டுகள் போட்டு ஆடுவார்கள். முதலில் முப்பது பேர். பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்காரன் வந்து சுவரோடு சாய்ந்து நின்று குறித்துக்கொண்டு போனான். அடுத்த வியாழன் எழுபது. தொண்ணூற்று நாலில் வரிசை கால்வாய்ப் பாலம் வரை நின்றது, நீளக் கோட்டுப் போட்ட இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் வரிசையில் நிற்காமல் உள்ளே வந்தார்கள், மோரா அவர்களுக்கும் முத்திரை குத்தினாள், நெற்றியில் குத்தினாலும் காட்டியிருப்பார்கள். வலது காதில் சத்தம். இல்லை, அது இரைச்சல். இல்லை, சத்தம். அமத்துவோமா, சந்தேகமாக இருந்தாலும் அமத்தச் சொன்னாள், அமத்தினேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நஸ்ரின் முகத்தில் ஒன்றும் இல்லை. "சொல்லுக் கேக்கோணும் யோகி," என்று மோரா காதுக்குள் கத்துவாள், "ட்ரம் கிடக்கட்டும், அந்தப் பெடியன் என்ன சொல்லுறான் எண்டு கடைசிச் சுவரில நிக்கிறவளுக்கும் கேக்கோணும்." அதுதான் என் வேலை. பாடகன் வாயில் இருக்கிற சொல்லை எடுத்து, மற்றச் சத்தங்களைக் கொஞ்சம் விலத்தி, நடுவில் வைப்பது. மற்றக் கிளப்புகளில் பாட்டு ஒரு கூழாக வரும். எங்களுடைய அறையில் சொல் வரும். அப்படியொரு பெயர் எனக்கு இருந்தது, அந்த விவரணப்படக்காரப் பெண் அதைத்தான் கேட்டாளாம், எப்படி அவ்வளவு தெளிவாக வைத்தீர்கள் என்று.

அலாட்மென்ட்ஸ் என்ற குழு எங்களுடைய அறையில் இருந்துதான் போனது. நகரசபை வாடகைக்கு விடுகிற காய்கறித் தோட்டத்துண்டுக்கு இங்கே அப்படிப் பெயர். ஏட்ரியன் என்று தபால்காரரின் மகன், பாடும்போது கையைப் பின்னுக்குக் கட்டிக்கொள்ளுவான், தகப்பன் வேலை போன பிறகும் விடிய நாலு மணிக்கு எழும்பிச் சீருடை போட்டுக்கொண்டு குசினியில் அடுப்புக்கு முன்னால் இருப்பதைப் பற்றி ஒரு பாட்டு. அந்தப் பாட்டை நூறு தரமாவது கேட்டிருப்பேன், ஒவ்வொரு தரமும் அந்தக் குசினி எங்களுடைய வீட்டுக் குசினியாக இருந்தது. தொண்ணூற்றைந்து கோடையில் அது நாடு முழுக்க விற்பனையில் மூன்றாவது இடத்துக்கு வந்தது, பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள், தொலைக்காட்சியில் ஏட்ரியன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு இந்த நாட்டுக் கொடி வந்தது. கிற்றாரில் கொடி, கோட்டில் கொடி, மேடைக்குப் பின்னால் போர்வை அளவு கொடி. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பகிடிக்குத்தான் என்றார்கள், நானே ஏணியில் ஏறிக் கட்டிக்கொடுத்தேன், ஆனால் என் சட்டைப்பையில் உள்நாட்டு அமைச்சின் கடிதம் இருந்தது, உமது அகதி விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளது என்று. ஏட்ரியன் என்னை ஐரோப்பா முழுக்கத் தங்களோடு வரச்சொன்னான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. "ஏன், நீ என்ன செய்தனி?" என்று கேட்டான். அந்த வருசம் ஐப்பசியில்தான் ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க ஒரு இரவில் எழும்பி நடந்தது. இங்கே தமிழ்க் கடையில் பேப்பர் வாங்கி நின்றபடியே வாசித்தேன், ஐந்து லட்சம் பேர், ஒரு பாலம், மழை. அம்மாவும் வதனியும் தயாவும் அதற்குள் எங்கேயோ. வதனி எனக்கு அடுத்தவள், தயா கடைசி, தம்பி, என்னிலும் பத்து வயது இளமை. அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. கடிதம் போடுவதற்கு விலாசம் இல்லை. வியாழக்கிழமைகளில் நான் ஒலிமேசைக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் சொற்களைத் தெளிவாக வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சத்தங்கள் மேலே போகின்றன என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதோ திருகுகிறாள், என்னைப் பார்க்கிறாள், திருகுகிறாள். நான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, சோதனை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பிப் பார்த்து ஒன்றும் தெரியாமல் இருந்த மாதிரி. தொண்ணூற்றாறு கார்த்திகை, ஒரு சனிக்கிழமை. அலாட்மென்ட்ஸ் பெரிய மண்டபங்களில் பாடித் திரிந்தவர்கள், மோராவுக்காக ஒரேயொரு தரம் பழைய அறைக்கு வந்தார்கள், ஒருவருக்கும் சொல்லாமல். ஒருவருக்கும் சொல்லாமல் என்றால் முந்நூறு பேர். பின்னேரம் ஆறு மணிக்கே அறை நிறைந்துவிட்டது. தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு என்னுடைய மேசை வலப்பக்க ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றது, என் தலைக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. மோரா காதுக்கு அடைக்கிற பஞ்சு ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள். நான் வைக்கவில்லை. பஞ்சை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லைத் தெளிவாக வைப்பது. ட்ரம்காரன் புதிது, பேய்மாதிரி அடித்தான், ஏட்ரியனின் குரல் கீழே போய்விட்டது, குரலை உயர்த்தினேன், கிற்றாரும் உயர்ந்தது, இன்னும் உயர்த்தினேன், சொல்லுக் கேக்கோணும். தகப்பனைப் பற்றிய பாட்டின் இரண்டாவது அடியில் என் தலைக்குள் ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது, வலி இல்லை, பிறகு எல்லாம் கம்பளிக்குள். அறையே பாடிக்கொண்டிருந்தது, வாய்கள் திறந்து மூடின, பெண் பிள்ளைகள் அழுதார்கள், மோரா என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். நான் கண்ணால் பார்த்து, கை பழகிய இடத்தில் கையை வைத்து, முடித்துக் கொடுத்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை நான் மறைக்கக்கூடாது. இந்த ஊரில் அவ்வளவு சந்தோசமாக நான் இருந்ததில்லை. முந்நூறு பேர் ஒரே சொல்லைச் சொல்ல, அதை நான்தான் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. அடித்தது எனக்குக் கேட்கவில்லை, சாந்தினி ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்து என் தோளை உலுப்பினாள், அவள் கண்ணில் தண்ணீர், வாய் தயா தயா என்றது. ரிசீவரை வலது காதில் வைத்தேன். இடது காதுக்கு மாற்றினேன். அண்ணா. அது கேட்டது. அந்தச் சொல் மட்டும் நன்றாகக் கேட்டது, அதில் எல்லாம் திறந்த சத்தம். அவனுடைய குரல் மாறியிருந்தது, நான் விட்டுவரும்போது பதின்மூன்று வயது, இப்போது ஆம்பிளைக் குரல். பிறகு அவன் கதைத்தான். கதைத்தான், கதைத்தான். ஆ, ஓ, ஏ, ஊ. ஆற்றில் போகிற மாதிரி, கரையில்லாமல். வவுனியா என்று ஊகித்தேன், அங்கே கொமியூனிகேசன் கடைகள் இருந்தன, சனம் வரிசையில் நின்று வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும். நான் "ஓம்" என்றேன். அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். "ஓம், சரி," என்றேன். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்லு. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்றால் நேற்று, நீங்கள் எங்கேயோ மரத்துக்குக் கீழ் படுத்திருந்த நேரம், நான் கூத்தடிக்கிற இடத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டேன் என்று சொல்லவேண்டும். வீட்டில் எல்லாருக்கும் நான் வானொலி திருத்துகிற கடையில் வேலை. வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை எடுப்பான், அதற்குள் காது தெளிந்துவிடும், அப்போது எல்லாவற்றையும் ஆறுதலாகத் திரும்பக் கேட்கலாம் என்று நினைத்தேன். எவ்வளவு நியாயமான யோசனை. கடைசியில் அவன் ஒரு கேள்வி கேட்டான். கேள்வி என்பது தெரிந்தது, குரல் மேலே போய் நின்றது. அட்டோ. அவ்வளவுதான் பிடிபட்டது. செய்யட்டுமா என்பதை நாங்கள் செய்யட்டோ என்போமே, அந்த அட்டோ. முன்னால் ஒரு வினைச்சொல், அது இரைச்சலுக்குள் போய்விட்டது. ஏதோ ஒன்று, அட்டோ? "ஓம்," என்றேன். திரும்பவும் கேட்டான். "ஓம், ஓம்." இன்னொரு தரம் கேட்டான், இந்த முறை மெதுவாக. "ஓமடா," என்றேன். பிறகு லைன் அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் வவுனியா லைன் எப்போதும் அப்படித்தான், நடுவில் அறுந்துவிடும். சாந்தினி, "என்னவாம், என்னவாம்?" என்றாள். "எல்லாரும் சுகமாம்," என்றேன்.

பத்தொன்பது நாள். வதனி போன் எடுத்தாள், அப்போது எனக்கு ஓரளவு கேட்டது, கேட்காமல் இருந்திருக்கலாம். பின்னேரம் தயா அகதி முகாமில் இருந்து வெளிக்கிட்டவனாம், சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வாறன் என்று. வரவில்லையாம். பிடித்துக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருத்தர் சொன்னார், அவனாகக் காட்டுப்பக்கம் நடந்து போனதைக் கண்டதாக இன்னொருத்தர் சொன்னார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருசம். இரவில் படுத்திருக்கும்போது அந்த அட்டோவுக்கு முன்னால் நான் சொற்களை வைத்து வைத்துப் பார்ப்பேன். போகட்டோ. அண்ணா, நான் போகட்டோ? எங்கே போகட்டோ. திரும்பி வன்னிக்குள் போகட்டோ. சேரட்டோ. மற்றப் பெடியள் எல்லாம் இயக்கத்தில சேர்ந்திட்டாங்கள், நானும் சேரட்டோ? ஓம். ஓமடா. வரட்டோ, அங்க உங்களிட்ட வரட்டோ? அப்படி என்றால் நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் பத்தொன்பது நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நிக்கட்டோ என்றாலும் நான் நிற்கச் சொன்ன இடத்தில்தான் அவன் காணாமல் போனான். எந்தச் சொல்லை வைத்தாலும் அது என்னிடம்தான் வந்து முடிந்தது. வதனியிடம் கேட்கலாம், அவள் அன்றைக்கு அவனுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள், தனியாக அவனை எங்கேயும் விடமாட்டாள். மாதத்தில் இரண்டு தரம் கதைக்கிறோம். மழை, பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய பித்தப்பைக் கல்லு. ஒவ்வொரு முறையும் சொல் நாக்கு மட்டும் வரும். தயா எனக்கு எடுத்த நாள் என்று தொடங்கவேண்டும். தொடங்கினால் அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் பிறகு எனக்குத் தெரியும். அம்மா இருக்கும்போதும் கேட்கவில்லை. அம்மா போனில் என்னோடு அதிகம் கதைக்கமாட்டா, சுகமோ, சாப்பிட்டியோ, வதனியிட்டக் குடுக்கிறன். துக்கம் என்று நினைத்தேன். இரண்டாயிரத்து மூன்றில் அவவும் போய்விட்டா. ரெட் பார்ஜை அதற்கு முன்னமே விற்றுவிட்டார்கள், இப்போது கண்ணாடிக் கடை. மோரா ஹல்லுக்குத் திரும்பிவிட்டாள், நத்தாருக்கு வாழ்த்து அட்டை வரும், மூன்று வருசமாக அதுவும் இல்லை.

கதவு திறக்கிறது. இல்லை, காதுக்குள்தான் குரல். இனிச் சொற்கள் வரும், கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிறாள். ஓர் ஆண் குரல், பதிவு செய்தது, நல்ல பதிவு, அறையின் எதிரொலி கொஞ்சமும் இல்லை. ஃபிஷ், என்று நினைக்கிறேன். "ஃபிஷ்." அடுத்தது. "பிட்?" அடுத்தது. "டெக்." அடுத்தது. ஏதோ ஓ. "கோட்?" என்கிறேன், அல்லது போட், அல்லது ரோட், எந்த ஓ என்று கடவுளுக்குத்தான் தெரியும், எனக்கு வியர்க்கிறது, மார்ச் மாதத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு இருக்கிறேன், சேட்டு முதுகோடு ஒட்டுகிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் தலையாட்டுகிறாள், பிழை என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. முடிந்தது என்று கதவைத் திறக்கிறாள். திரையில் படம் காட்டினாள். இடமிருந்து வலமாக ஒரு கோடு, பாதி வரை சமதரையாக வந்து, பிறகு கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கீழே. இந்தச் சரிவில்தான் கதைக்கிற சொல்லின் எழுத்துகள் இருக்கின்றன என்றாள், த, ச, க, ப, இவைதான் உங்களுக்கு இல்லை, நீட்டுச் சத்தங்கள் இருக்கின்றன. அதாவது உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. நான் மனதுக்குள் அப்படித் தமிழாக்கினேன். "இசைத்துறையில் இருந்தீர்களோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல வந்து, "ஒரு சின்னக் கிளப்பில்," என்றேன். காதுக்குக் கருவி வைக்கலாம், உதவும், ஆனால் இந்தக் கோடு இன்னும் இறங்கும் என்றாள். முகத்தைப் பார்த்துக் கதைப்பது பரவாயில்லை, போனில் கதைப்பதுதான் முதலில் போகும். "எவ்வளவு காலத்தில்?" என்று கேட்டேன். "இரண்டு வருசம், மூன்று வருசம். சொல்லமுடியாது. தூரத்தில் யாராவது இருந்தால், போனில் கதைக்கவேண்டியவர்கள், இப்போதே நிறையக் கதைத்துக்கொள்ளுங்கள்," என்று சிரித்தாள், நல்ல பிள்ளை, ஆறுதலுக்குச் சொன்னாள்.

வெளியே சாந்தினி இல்லை. அவளுடைய கோட்டு கதிரையில் கிடந்தது, தேத்தண்ணி வாங்கப் போயிருப்பாள். பதினொன்றரை. ஊரில் பின்னேரம் ஐந்து. நடையின் கடைசியில், கதவு பூட்டிய ஓர் அறைக்கு முன்னால், சத்தமில்லாத மூலை ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, வதனிக்குப் போன் எடுத்து, சத்தத்தை முழுக்க உயர்த்தி, இடது காதில் வைத்தேன். இரண்டு தரம் மணி அடித்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவதில் எடுத்துவிட்டாள்.

"என்ன அண்ணா, இந்த நேரம்? மச்சாளுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை. வதனி, நீ ஆறுதலாக் கதை. ஒவ்வொரு சொல்லாச் சொல்லு. தயா எனக்கு வவுனியாவில இருந்து எடுத்த நாள், நீ பக்கத்தில நிண்டனிதானே?"

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நிண்டனான்," என்றாள். "ஏன் இப்ப?"

"கடைசியா என்னட்ட ஒண்டு கேட்டவன். என்ன கேட்டவன்?"

"அதை ஏன் அண்ணா இப்ப."

"சொல்லு. எதெண்டாலும் சொல்லு. போகட்டோ எண்டோ கேட்டவன்? சேரட்டோ எண்டோ?"

"சேரிறதோ? எங்க சேரிறது? என்ன சொல்லுறியள்?" அவளுடைய குரலில் கோபம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு இறங்கியது. "வைக்கட்டோ எண்டு கேட்டவன்."

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆனாலும், "என்ன?" என்றேன்.

"போனை வைக்கட்டோ எண்டு கேட்டவன் அண்ணா. வீடு விட்டு வந்த கதை சொன்னவன், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மாறினதைச் சொன்னவன். நீங்கள் ஒண்டும் திருப்பிக் கேக்கேல்லை. ஓம் ஓம் எண்டு மட்டும் சொன்னனீங்களாம். அண்ணாவுக்கு வேலை போல, நான் மினக்கெடுத்திறன் எண்டு நினைச்சிட்டான். பின்னால ஒருத்தரும் நிக்கேல்லை, அவன் இன்னும் கதைச்சிருக்கலாம். வைக்கட்டோ எண்டு கேட்டவன். இல்லையடா, கதை எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தவன். மூண்டு தரம் கேட்டவன்."

"நான் ஓம் எண்டனான்."

"மூண்டு தரமும் ஓம் எண்டியளாம். வெளியில வந்து, அண்ணா நல்லா இருக்கிறார் எண்டு அம்மாவுக்குச் சொன்னவன். வேற ஒண்டும் சொல்லேல்லை. முகாமுக்கு நடந்து போகுமட்டும் கதைக்கேல்லை. இரவுதான் எனக்கும் அம்மாவுக்கும் இவ்வளவும் சொன்னவன்."

நடையில் யாரோ என்னைக் கடந்து போனார்கள், ஏதோ கேட்டார்கள், வழி கேட்டிருப்பார்கள், நான் திரும்பவில்லை. லைன் அறுந்தது என்றே இருபத்தெட்டு வருசமும் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், எனக்கும் சொல்லியிருக்கிறேன். நான் அவனைப் போகச் சொல்லவில்லை. சேரச் சொல்லவில்லை. மூச்சு லேசாக வரவேண்டும் போல இருந்தது, வரவில்லை.

"வதனி, எனக்குக் கேக்கேல்லை."

"என்ன கேக்கேல்லை? நான் கத்தித்தானே கதைக்கிறன்."

"இப்ப இல்லை. அண்டைக்கு. முதல் நாள் வேலை செய்த இடத்தில பெரிய சத்தம், எனக்குக் காது அடைச்சுப் போச்சுது. அண்ணா எண்டது மட்டும்தான் கேட்டது. அவன் சொன்ன வேற ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை. கேக்கேல்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது."

அவளுடைய பக்கத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. கதவு சாத்தினார்கள். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இதை அம்மாவுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அண்ணா," என்றாள். "நீங்கள் எங்களை வேண்டாமெண்டு விட்டிட்டியள் எண்டுதானே அவ சாகுமட்டும் நினைச்சவ."

நான் போனை இடது காதோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் போனை வைக்கவில்லை.